மேல்பக்கம் எது

உட்துறைமுக வீதியில்
அவுட்போட் மோட்டார் திருத்தும் கடைக்கு மேலே
எங்கள் வாடகை அறை.
எஞ்சின் பற்றித்தான் பேசுகிறோம் என்று
கீழே அன்ரனுக்குத் தெரியும்.
என்ன எஞ்சின் என்பது தெரியாது.

"எத்தினை குதிரை?" என்று படியடியில் நின்று கேட்டான்.
"ரெண்டு ஸ்ட்ரோக்கோ, நாலோ?"
மூன்று என்றேன்.
அப்படி ஒண்டு இல்லை என்று
பிளக்கைத் துடைத்தபடி போய்விட்டான்.

யூனிட்டி, அன்ரியல், கொடோ.
நான்காவது, ஜெனோசன் தானே எழுதத் தொடங்கி
ஏழு மாதமாய் ஒரு முக்கோணத்தை மட்டும்
வரைந்துகொண்டிருக்கிற எஞ்சின்.
அதையும் அட்டவணையில் சேர் என்றான்.
சேர்த்தேன். விலை என்ற இடத்தில்
அவன் வேலையை விட்ட திகதியை எழுதினேன்.

நிரல்கள் கூடக்கூட
ஒன்றும் தன் கட்டத்துக்குள் நிற்கவில்லை.
அன்ரியலை இறக்க மூன்று இரவு டேட்டா போனது.
திறந்ததும் மடிக்கணினியின் விசிறி
சீனக்குடாவில் விமானம் கிளம்புவதாய் இரைந்தது.
ஒளி மட்டும், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்,
நிலாவெளியில் காலை எட்டரைக்கு விழுகிற அதே ஒளி.
கொடோ ஒரு பென் டிரைவின் மூலைக்குள் அடங்கும்.
இலவசம். எங்கேயாவது வைத்துவிட்டு
மறந்துபோகலாம், அவ்வளவு லேசு.
யூனிட்டியில் நீங்கள் கேட்கப்போவதை
யாரோ ஏற்கெனவே கேட்டு
ஏச்சும் வாங்கியிருப்பார்.
நிறுவுகிற கணக்குக்குக் காசு என்றார்கள் ஒருமுறை,
பிறகு இல்லை என்றார்கள்.
அந்தப் 'பிறகு இல்லை'யை
எந்த நிரலில் போடுவது?

ஃபஸ்லினா கிண்ணியாவிலிருந்து
பாலம் கடந்து மூன்றரை பஸ்ஸில் வந்தாள்,
பையில் மானோடு.
பத்து நாள் செதுக்கியது. நூற்றுப்பதினான்கு புள்ளி.
கொம்பில் சிக்கிய ஒரு ரோஸ் நிறச் சொப்பிங் பை.
விளையாட்டு இதுதான்:
நீங்கள் ஒரு மான்.
பஸ் நிலையத்திலிருந்து கோட்டை வாசல் வரை
பொலித்தீன் தின்னாமல் போகவேண்டும்.

ஒவ்வொன்றிலும் இறக்கிப் பார்த்தோம்.
இங்கே மேலே போகிற அச்சு வை.
அங்கே இசட்.
ஒருவருக்கு வலக்கை வழக்கம், மற்றவருக்கு இடக்கை.
எல்லாரும் உலகம் செய்யத்தான் வந்தார்கள்.
மேல்பக்கம் எது என்று
ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்ரியலில் மான்
பக்கவாட்டில் கிடந்தது.
நான்கு காலும் நீட்டி, கண் திறந்து.
ஜெனோசன் சிரித்தான். நானும்.
ஃபஸ்லினா மவுஸை வாங்கித்
தொண்ணூறு பாகை திருப்பினாள்.
திருப்பிய பிறகுதான் சொன்னாள்:
போன கிழமை விடியப்புறம், முதல் பஸ் போன கையோடு,
இதே மாதிரி ஒன்று.
வயிற்றிலிருந்து இழுத்ததையெல்லாம்
நகரசபைக்காரர் தனிச் சாக்கில் கட்டினார்களாம்.
ரோஸ் நிறம் அங்கேதான் பார்த்தது.

மான் எழுந்து நின்றது.
தரை போட மறந்திருந்தோம்.
விழுந்தது.
மற்ற இரண்டிலும் விட்டுப் பார்த்தோம், விழுந்தது.
ஒன்பது தசம் எட்டு.
அன்ரியல் அதைச் சென்றிமீற்றரில்
தொள்ளாயிரத்து எண்பது என்று சொல்லிக்கொள்கிறது,
வேகம் ஒன்றுதான்.
நான்காவதில் மட்டும்
ஜெனோசனின் முக்கோணம் அப்படியே நின்றது.
ஈர்ப்பை இன்னும் எழுதவில்லை.

கீழே அன்ரன் ஒரு யமஹாவைத்
தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கிக்
கயிற்றை இழுத்தான்.
மேசை அதிர்ந்தது, தேத்தண்ணி அதிர்ந்தது.
பதினைந்து குதிரை,
ஓரங்குலமும் நகராமல் ஓடுகிறது.
நாளைக்குச் சல்லிக்காரர் வந்து கொண்டுபோவார்கள்.

"உங்கடை ஸ்டாட் ஆச்சுதோ?"

ஃபஸ்லினா யன்னலால் எட்டிச் சொன்னாள்:
"தரை போட்டுட்டிரிக்கம்."

இரைச்சலைக் கொஞ்சம் குறைத்துவிட்டு
மேலே பார்த்தான்.
"எஞ்சினுக்கு ஏன் தரை?
தண்ணியெல்லோ வேணும்."